நகர்மன்ற நாற்காலி: தமிழகத்தில் கவுன்சிலர் தேர்தலின் வரலாறு

தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலர் பதவிக்குத் தேர்தலில் நிற்கும் வழக்கத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது வயதாகிறது. அதற்கு முன்னும் நகராட்சிகள் இருந்தன, அவற்றுக்கு உறுப்பினர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களில் யாரும் தெருவில் இறங்கி வாக்குக் கேட்டு வந்தவர்கள் அல்லர். கலெக்டர் பார்த்துப் பெயர் சொன்னார், அரசாங்கம் நியமித்தது. அந்த நியமனம் மெல்ல மெல்லத் தேர்தலாக மாறிய கதையில் இரண்டு இழைகள் ஓடுகின்றன. யார் நிற்கலாம் என்ற வாசல் தலைமுறைக்குத் தலைமுறை அகலமாகிக்கொண்டே வந்தது. தேர்தல் எப்போது வரும், வென்றவருக்கு என்ன அதிகாரம் என்ற முடிவு மட்டும் சென்னைக் கோட்டையை விட்டு நகரவில்லை.

உள்ளாட்சித் தேர்தல் என்றதும் மேடைகளில் முதலில் எடுக்கப்படுவது உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அந்தச் சாசனங்கள் ஊரைக் குடும்பு எனப்பட்ட முப்பது பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை தகுதிகள். முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பிற்காலத்தின் எந்தத் தேர்தல் சட்டத்திலும் இவ்வளவு கறாரான விதி இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனாலும் அது பிராமண சபை ஒன்றின் உள் ஏற்பாடு. அங்கே சீட்டுக் குலுக்கல்தான் நடந்தது, வாக்குப்பதிவு இல்லை. இன்றைய வார்டு தேர்தலுக்கு அதிலிருந்து நேர்க் கோடு போடுவது பெருமைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது.

நேரடியான மூதாதை கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைதான். 1687 டிசம்பரில் வழங்கப்பட்ட சாசனப்படி 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி தொடங்கியது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அவருக்குக் கீழே ஆல்டர்மென் எனப்பட்ட மூத்த உறுப்பினர் பன்னிருவர். ஆங்கிலேயரோடு உள்ளூர் வணிகச் சமூகத்தவருக்கும் அதில் இடமிருந்தது. இந்த ஏற்பாட்டின் பின்னால் இருந்த, லண்டனில் கம்பெனியை நடத்திய சர் ஜோசையா சைல்டின் கணக்கு எளிமையானது. கோட்டை விதிக்கும் வரியைவிட, தங்கள் ஆட்கள் உட்கார்ந்து விதிக்கும் வரியை மக்கள் முகம் சுளிக்காமல் கட்டுவார்கள் என்று அவர் நம்பினார். மக்கள் அப்படி நினைக்கவில்லை. வரி வசூல் படுத்துவிட்டது. ஆனால் சைல்டின் கணக்கு மட்டும் சாகவில்லை. அடுத்த இருநூறு ஆண்டுகளில் உள்ளாட்சிச் சட்டம் ஒவ்வொன்றும் அதே கணக்கோடுதான் வந்தது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு பிரிட்டிஷ் அரசின் கஜானா காலியாக இருந்தது. சாலை, சுகாதாரம், ஊர்க்காவல் செலவுகளை அந்தந்த ஊர்களின் தலையில் ஏற்றுவதற்கு வழி தேடப்பட்டது. 1865-இல் சென்னை மாகாண நகர மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே மதுரை, கோயம்புத்தூர், சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், கும்பகோணம், திருநெல்வேலி ஆகியவை நகராட்சிகளாயின. 1871-ஆம் ஆண்டுச் சட்டம் மேலும் பல ஊர்களைச் சேர்த்தது. வீட்டு வரி, தொழில் வரி, வண்டி வரி, சுங்கம் என்று வசூல் தொடங்கியது. கலெக்டர்தான் தலைவர். மன்றத்தில் அதிகாரிகளும் அவர்களோடு ஒத்துப்போகும் பெரிய மனிதர்களும் அமர்ந்தார்கள். உறுப்பினர் இடம் அப்போது ஒரு கௌரவம், ராவ் பகதூர் பட்டத்துக்கு முந்தைய படி.

சென்னையில் 1878-ஆம் ஆண்டுச் சட்டம் 32 உறுப்பினர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்க வழி செய்தது. பெரிய திருப்பம் 1882 மே 18 அன்று வைஸ்ராய் ரிப்பன் வெளியிட்ட தீர்மானத்தோடு வந்தது. நிர்வாகம் சிறக்கும் என்பதற்காக மட்டும் இந்த மாற்றத்தைக் கொண்டுவரவில்லை, மக்களுக்கு அரசியல் பயிற்சி கிடைக்க வேண்டும் என்பதே முதல் நோக்கம் என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார். மன்றங்களில் அதிகாரிகள் சிறுபான்மையாக இருக்க வேண்டும், முடிந்த இடங்களில் தலைவரும் அதிகாரியாக இருக்கக் கூடாது என்றார். மாவட்ட அதிகாரிகள் பலருக்கு இது கசந்தது. இருந்தாலும் 1884-இல் சென்னை மாகாண மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்து, மன்ற இடங்களில் நான்கில் மூன்று பங்கு வரை தேர்தலால் நிரப்பலாம் என்றது. சென்னை மாநகராட்சி 1913-இல் புதிய கட்டடத்துக்குக் குடிபுகுந்தபோது அதற்கு ரிப்பன் பெயரே வைக்கப்பட்டது.

அந்தக் காலத் தேர்தலில் வாக்காளர் என்பவர் வரி ரசீது வைத்திருப்பவர். குறிப்பிட்ட தொகைக்கு மேல் வீட்டு வரியோ தொழில் வரியோ கட்டிய ஆண்களுக்கே வாக்கு. வேட்பாளருக்கும் அதே அளவுகோல்தான். ஊரின் பெரும்பாலான வீடுகளுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. வார்டுக்குச் சில நூறு வாக்காளர்கள் இருந்தால் அதிகம் என்ற நிலையில், பிரச்சாரம் என்பது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசி முடிக்கும் காரியமாக இருந்தது. வக்கீல்கள், மிராசுதாரர்கள், ஜவுளி மண்டிக்காரர்கள், லேவாதேவிக்காரர்கள் ஆகியோரே போட்டியிட்டார்கள். சாதியும் உறவும் கடனும் வாக்கைத் தீர்மானித்தன.

வரிதான் வாக்கு என்றால் வரி விதிப்பவர் கையில் வாக்காளர் பட்டியல் இருக்கிறது என்று பொருள். இந்த எளிய உண்மையை ஊர்ப் பிரமுகர்கள் வெகு சீக்கிரம் புரிந்துகொண்டார்கள். வீட்டு மதிப்பைக் கூட்டிக் காட்டினால் எதிரிக்குச் செலவு, குறைத்துக் காட்டினால் அவன் ஆதரவாளர் வாக்கே இழப்பார். தெரு விளக்கு எங்கே நட வேண்டும், குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும், சந்தைக் குத்தகை யாருக்கு, நகராட்சிப் பள்ளியில் யாருக்கு வேலை என்ற முடிவுகளும் சேர்மனைச் சுற்றியே நடந்தன. கௌரவப் பதவியாக இருந்த நாற்காலிக்கு ஆட்கள் முண்டியடித்ததற்குக் காரணம் இதுதான். 1892-ஆம் ஆண்டுச் சட்டசபைச் சட்டம் இன்னொரு ஆசையையும் சேர்த்தது: நகராட்சிகளும் ஜில்லா போர்டுகளும் மாகாணச் சட்டசபைக்குப் பெயர் பரிந்துரைக்கலாம் என்றானபின், ஊர் மன்றத்தில் பிடி வைத்திருப்பவருக்குச் சென்னைக்கும் ஒரு கதவு திறந்தது.

இந்த ஏணியில் ஏறியவர்களில் இருவர் பிறகு தமிழக அரசியலின் எதிரெதிர்த் துருவங்களாக நின்றார்கள். சேலத்தில் வக்கீலாக இருந்த ராஜாஜி 1911-இல் நகராட்சி உறுப்பினராகி, 1917 முதல் 1919 வரை சேர்மனாக இருந்தார். தலித் ஒருவர் முதன்முதலாக அந்த மன்றத்தில் உறுப்பினரானது அவருடைய முயற்சியில்தான். அதே ஆண்டுகளில் ஈரோட்டில் வணிகக் குடும்பத்துப் பிள்ளையான ஈ.வெ.ராமசாமி (பிற்காலப் பெரியார்) சேர்மனாகி, குடிநீர்த் திட்டத்துக்காக ஊரில் பெயர் வாங்கினார். அடுத்தடுத்த ஊர்களின் சேர்மன்களாகத்தான் இருவருக்கும் நெருக்கம் உண்டாயிற்று. 1919-இல் காங்கிரசுக்காகப் பெரியார் நகராட்சிப் பதவியை உதறினார். அடுத்த சில ஆண்டுகளின் ஒத்துழையாமைக் காலத்தில் தேசியவாதிகளுக்கு உள்ளாட்சி நாற்காலி ஏறும் படியாக இருப்பதைவிட உதறும் பொருளாகவே அதிகம் பயன்பட்டது.

1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் களத்தை விரித்தன. சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவராக முதலில் அமர்ந்தவர் நீதிக்கட்சியின் பிட்டி தியாகராயர். 1933-இல் அந்தத் தலைவர் பதவிக்கு மீண்டும் மேயர் என்ற பெயர் வந்தது. ராஜா சர் முத்தையா செட்டியார் முதலில் அதை ஏற்றார். 1930-ஆம் ஆண்டுத் திருத்தம் வெளியூர் நகராட்சிகளில் நியமன உறுப்பினர் முறையை ஒழித்து, பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சிறுபான்மையினருக்கும் இடங்களை ஒதுக்கியது. ஆனால் கொடுத்த கையே திரும்ப எடுக்கவும் செய்தது. 1933-இல் வந்த மற்றொரு திருத்தம் நகராட்சிகளுக்கு அரசே கமிஷனரை நியமிக்க வழி செய்தது. சேர்மன் கையிலிருந்த அன்றாட நிர்வாகம், வரி விதிப்பு உட்பட, சம்பளம் வாங்கும் அதிகாரியிடம் போனது. ஊழலைத் தடுக்க என்பது அரசு சொன்ன காரணம், அதில் உண்மையும் இருந்தது. விளைவு நிரந்தரமாகிவிட்டது: கவுன்சிலர் தீர்மானம் போடுவார், கமிஷனர் நிறைவேற்றுவார் அல்லது நிறைவேற்றாமல் இருப்பார்.

1930-களின் நடுவில் காங்கிரஸ் உள்ளாட்சித் தேர்தலுக்குக் கட்சியாகவே இறங்கியது. அதுவரை தனிமனிதச் செல்வாக்கில் நடந்த போட்டிக்குக் கொடியும் ஊர்வலமும் பொதுக்கூட்டமும் வந்து சேர்ந்தன. பணக்காரர் அல்லாதவர்கள் வேட்பாளர்களானார்கள், ஆனால் வரித் தகுதி இன்னும் குறுக்கே நின்றது. விருதுநகர் நகராட்சித் தேர்தலில் காமராஜரை நிறுத்த நினைத்தபோது அவர் பெயரில் வரி கட்டும் சொத்து எதுவும் இல்லை என்றும், முத்துராமலிங்கத் தேவர் ஓர் ஆட்டை வாங்கி அவர் பெயரில் வரி கட்டித் தகுதி உண்டாக்கினார் என்றும் ஒரு கதை தென்மாவட்டங்களில் வழங்குகிறது. கதையின் நுணுக்கங்கள் எப்படியிருந்தாலும் சட்டத்தின் அபத்தத்தை அது சரியாகவே பிடித்திருக்கிறது. 1941-இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே காமராஜர் விருதுநகர் சேர்மனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும், முழுநேரம் கவனிக்க முடியாத பதவி வேண்டாம் என்று விலகிக்கொண்டார்.

சென்னையில் ஜெ. சிவசண்முகம் பிள்ளை 1937-இல் மேயரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவரே. 1939-இல் மேயரான சத்தியமூர்த்தி பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வித்திட்டார். இதே காலத்தில் நீதிக்கட்சி வேட்பாளராகப் பெத்துநாயக்கன்பேட்டையில் மாநகராட்சி இடத்துக்கு நின்று தோற்றவர், பிற்காலத்து முதலமைச்சர் சி.என்.அண்ணாதுரை. அந்தத் தோல்விக்கு வட்டியோடு பதில் கிடைக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. விடுதலைக்குப் பிறகு வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்கு என்றானபின், நகராட்சித் தேர்தல் குடிசைப் பகுதிகளையும் நெசவாளர் தெருக்களையும் எட்டியது. அந்தப் புதிய வாக்காளர்களை நம்பி 1959-இல் சென்னை மாநகராட்சித் தேர்தலில் இறங்கிய தி.மு.க. 100 இடங்களில் 45-ஐப் பிடித்தது, அ.பொ.அரசு அக்கட்சியின் முதல் மேயரானார். எட்டு ஆண்டுகள் கழித்துக் கோட்டையைப் பிடிப்பதற்கான ஒத்திகை என்று அந்தத் தேர்தலைச் சொல்வது மிகையாகாது. தெருமுனைக் கூட்டம், சுவரெழுத்து, வட்டச் செயலாளர் என்று அப்போது உருவான கருவிகள் இன்றும் வார்டு தேர்தலில் புழங்குகின்றன.

உள்ளாட்சியின் வழியே வளர்ந்த கட்சி ஆட்சிக்கு வந்தபின் உள்ளாட்சி செழித்திருக்க வேண்டும். நடந்தது வேறு. 1973-இல் சென்னையில் மஸ்டர் ரோல் ஊழல் வெடித்தது. கூலி ஆட்களின் வருகைப் பட்டியலில் பொய்ப் பெயர்களை எழுதிப் பணம் எடுத்த விவகாரம் அது. அந்த ஆண்டு டிசம்பரில் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996-இல். இடைப்பட்ட 23 ஆண்டுகள் சென்னைக்குக் கவுன்சிலரே கிடையாது. மற்ற ஊர்களின் நிலையும் பெரிதாக மேலில்லை. 1969-க்குப் பிறகு 1986-இல்தான் நகராட்சித் தேர்தல் வந்தது. எம்.ஜி.ஆர். அரசு நடத்திய அந்தத் தேர்தலில் சேர்மனை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள், பெரும்பாலான ஊர்களில் எதிர்க்கட்சியான தி.மு.க. வென்றது. 1991-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்து அமர்ந்தார்கள். ஆளும் கட்சிக்குச் சாதகமில்லாத உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போகும் என்ற பாடத்தை எல்லாக் கட்சிகளும் மாறி மாறிக் கற்பித்தன. பக்கத்துப் புதுச்சேரியில் நிலைமை இன்னும் மோசம். பிரெஞ்சு ஆட்சியில் 1880-லேயே கம்யூன்களும் மேயர்களும் வந்துவிட்ட அந்த ஊரில் 1968-க்குப் பின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் நடக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் 1992-இல் அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் நிறைவேறின. நகரங்களுக்கான 74-ஆம் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், அதை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையம், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு, தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை அளவில் இடம் என்பவை அதன் அடிப்படைகள். தமிழ்நாட்டில் 1996 அக்டோபரில் இதன்படி முதல் தேர்தல் நடந்தது. சென்னை மேயராக மு.க.ஸ்டாலின் நேரடி வாக்கில் வென்றார்.

கவுன்சிலர் தேர்தலின் முகத்தை அதிகம் மாற்றியது இட ஒதுக்கீடுதான். ஆண்கள் நின்று பழகிய வார்டு ஒரு நாள் அரசிதழில் பெண்கள் வார்டாக மாறியதும், முன்னாள் கவுன்சிலரின் மனைவி வேட்பாளரானார். பேனரில் கணவர் படமும் அதே அளவில் இருந்தது. மன்றக் கூட்டத்துக்கு மனைவி, ஒப்பந்ததாரரிடம் பேசக் கணவர் என்ற ஏற்பாடு பல ஊர்களில் இன்னும் தொடர்கிறது. ஆனால் அதைமட்டும் சொல்லி முடித்துவிடுவது நியாயமாகாது. முதல் முறை கணவருக்காக நின்றவர்களில் சிலர் இரண்டாம் முறை தமக்காகவே நின்றார்கள். 2016-இல் பெண்களின் பங்கு பாதியாக உயர்ந்தது. கிராமங்களில் ஒதுக்கீடு இரத்தம் சிந்தியே நிலைத்தது. மதுரை மாவட்டம் மேலவளவில் தனி ஊராட்சியின் தலைவராக வென்ற முருகேசன் 1997-இல் படுகொலை செய்யப்பட்டார். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் பத்து ஆண்டுகள் தேர்தலையே முறையாக நடத்த முடியாமல், 2006-இல்தான் முடிந்தது. நகர்ப்புறத்தில் கட்சிச் சின்னம் நடுவில் நிற்பதால் சாதி இவ்வளவு வெளிப்படையாக வேலை செய்வதில்லை. வேட்பாளர் தேர்வின்போது கட்சி அலுவலகத்துக்குள் அது தன் வேலையை முடித்துக்கொள்கிறது.

தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை மட்டும் ஊசலாடிக்கொண்டே இருந்தது. 1996-இலும் 2001-இலும் மேயரும் சேர்மனும் நேரடித் தேர்தல். 2006-இல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை. 2011-இல் மீண்டும் நேரடி. 2016-இல் மறைமுகம், 2018-இல் நேரடி, 2019 நவம்பரில் திரும்பவும் மறைமுகம். கொள்கை எதுவும் இதில் மாறவில்லை. அந்தந்த நேரத்து ஆளும் கட்சியின் கூட்டணிக் கணக்கு மாறியது. வேட்பாளருக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. நேரடி முறையில் கவுன்சிலர் கூட்டத்தில் ஒருவர். மறைமுக முறையில் அவருடைய ஒற்றை வாக்குக்கு விலை உண்டு. வென்றவர்கள் மொத்தமாகச் சொகுசு விடுதிகளுக்குப் பயணம் போவது அதனால்தான்.

2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலின் கதி இதையெல்லாம் மிஞ்சியது. வேட்புமனுத் தாக்கல் முடிந்து சுவர்களில் பெயர் எழுதப்பட்ட நிலையில், இட ஒதுக்கீட்டுக் குறைபாடுகளைச் சுட்டிய வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் அக்டோபர் 4 அன்று அறிவிப்பை ரத்து செய்தது. மாநிலம் முழுவதும் ஏராளமான வேட்பாளர்கள் செலவழித்த பணத்தோடு வீடு திரும்பினார்கள். நகர்ப்புறத் தேர்தல் அதன்பின் ஐந்தாண்டுகளுக்கு மேல் கழித்து, 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளில் 12,838 இடங்களுக்கான தேர்தல் அது. 21 மாநகராட்சிகளும் தி.மு.க. கூட்டணிக்கே போயின. சென்னைக்கு ஆர்.பிரியா மேயரானார், தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் ஆகியோருக்குப் பின் மூன்றாவது பெண், முதல் தலித் பெண். தலைவர் தேர்வு நாளில் கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய சில பதவிகளைத் தி.மு.க.வினரே போட்டியிட்டுப் பிடித்துக்கொண்டதும், அவர்கள் விலக வேண்டும் என்று முதலமைச்சர் அறிக்கை விட நேர்ந்ததும் மறைமுக முறையின் இயல்பான விளைவுகள்.

இன்று ஒருவர் கவுன்சிலருக்கு நிற்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 2022-இல் டெபாசிட் தொகை மாநகராட்சிக்கு 4,000 ரூபாய், நகராட்சிக்கு 2,000, பேரூராட்சிக்கு 1,000. தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. வேட்புமனு, முன்மொழிபவரின் கையெழுத்து, சொத்து மற்றும் வழக்கு விவரங்களுக்கான உறுதிமொழிப் பத்திரம், பரிசீலனை, வாபஸ், சுயேச்சை என்றால் சின்னத்துக்காகக் காத்திருப்பு என்பது வரிசை. பழைய வரித் தகுதி போய்விட்டாலும் அதன் வால் ஒன்று மிச்சமிருக்கிறது. நகராட்சிக்கு வரி பாக்கி வைத்திருப்பவர் தகுதியிழப்பார் என்ற விதியால், மனுத்தாக்கலுக்கு முந்தைய வாரத்தில் வரி வசூல் கவுன்டரில் அதுவரை காணாத சுறுசுறுப்பு தென்படும். நகராட்சியோடு ஒப்பந்தம் வைத்திருப்பவரும் நிற்க முடியாது. ஒப்பந்தம் மைத்துனர் பெயருக்கு மாறுவதும் அந்தப் பருவத்தில்தான்.

1884-இலும் 1920-இலும் வேர்விட்ட பழைய நகராட்சிச் சட்டங்களின் இடத்தில், 1998-இல் இயற்றப்பட்டு நெடுங்காலம் உறங்கிய தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம், மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களுக்கு நியமன உறுப்பினர்களாகச் சேர்க்கிறது. வரி ரசீது உள்ளவர்களின் மன்றத்தில் அதிகாரிகளுக்காக வைக்கப்பட்டிருந்து 1930-இல் ஒழிக்கப்பட்ட நியமன முறை, இம்முறை தேர்தலில் வெல்லும் வாய்ப்பு மறுக்கப்பட்டவர்களுக்காகத் திரும்பியிருக்கிறது. அதே 2025 ஜனவரியில், 2019-இல் பல மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது, அந்த மாவட்டங்களில் புதிய தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.